சாமான்களும் சொந்தங்களும்

1986 கோடைக்காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து ஒரு பெரிய வேன் கிளம்பியது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் நடமாடும் வீடு அது. அதில் பயணம் செய்தவர்கள் பல்கலைக்கழகங்களில் மார்க்கெட்டிங் பாடம் நடத்தும் பேராசிரியர்கள். கிழக்குக் கரையில் பாஸ்டன் வரை போவது திட்டம். வழி நெடுகப் பழைய சாமான் சந்தைகளில் இறங்கினார்கள், திருவிழாக்களில் சுற்றினார்கள், முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கையில் வீடியோ கேமரா, குறிப்பேடு. கேட்ட கேள்விகளோ மிகச் சாதாரணமானவை: இது என்ன, எப்படி உங்களிடம் வந்தது, ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

இந்தப் பயணத்தை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ரஸ்ஸல் பெல்க். அப்போது யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1972இல் முனைவர் பட்டம் வாங்கியவர். டெம்பிள், இல்லினாய் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்திவிட்டு யூட்டாவுக்கு வந்தவர். 2006இல் கனடாவின் டொரோன்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மனிதர்களுக்கும் அவர்களுடைய பொருள்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்ற ஒன்றைத்தான் அவர் தன் வாழ்நாள் ஆய்வாக வைத்துக்கொண்டார். அதைத் துருவித் துருவிப் பார்த்தபோதெல்லாம் அவர் போய்ச் சேர்ந்த இடம் மனிதர்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவேயுள்ள உறவு. இந்த அத்தியாயம் அந்தப் பாதையைப் பற்றியது.

பேராசிரியர்கள் வேனில் ஏறிப் போனது இன்றைக்குப் பெரிய சாகசமாகத் தோன்றாது. அன்றைக்கு அது துறையையே முகம் சுளிக்க வைக்கக்கூடிய காரியம். நுகர்வோர் ஆய்வு அப்போது இளந்துறை. அதற்கான சங்கம் 1969இல் உருவானது. அதன் முதன்மை ஆய்விதழான ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்’ 1974இல் தொடங்கியது. புதிய துறை என்பதால் தன்னை அறிவியல் என்று நிரூபித்தாக வேண்டிய அவசரம் அதற்கு இருந்தது. கல்லூரி மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைப்பார்கள். நான்கு பற்பசைகளின் விவரங்களைக் கொடுத்து எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். தகவல் உள்ளே போகிறது, முடிவு வெளியே வருகிறது. வாங்குபவர் ஒரு கணிப்பொறி. கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்த அந்த நொடியோடு ஆய்வும் முடிந்துவிடும். வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது, யார் அதைத் துடைத்து வைக்கிறார்கள், யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், வீட்டுக்காரர் இறந்துபோனால் அது எங்கே போகிறது? இவை ஆய்வுக் கேள்விகளாகவே கருதப்படவில்லை.

பெல்க்கும் தொடக்கத்தில் அந்த மரபுக்குள்தான் வேலை செய்தார். ஆனால் 1975இல் அவர் எழுதிய கட்டுரையிலேயே ஒரு முரண்டு தெரிகிறது. ஒருவர் எதை வாங்குவார் என்பதை அவருடைய குணத்தையும் பொருளின் தன்மையையும் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். இடம், நேரம், என்ன காரியத்துக்காக வாங்குகிறார், அப்போதைய மனநிலை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். ஒரு சின்ன மின்சாதனத்தைத் தன் சமையலறைக்கு வாங்குகிறவரும் அதையே நண்பரின் கல்யாணத்துக்குப் பரிசாக வாங்குகிறவரும் ஒரே ஆளாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வேளையிலும் அவர் வேறு வேறு விதமாக யோசிக்கிறார். ஆய்வுக்கூடத்து மாணவனுக்குப் பக்கத்தில் அம்மாவும் இல்லை, காதலியும் இல்லை. பெல்க்கை வேனில் ஏற வைத்த அதிருப்தி இந்தக் கட்டுரையிலேயே தொடங்கிவிட்டதென்று நினைக்கிறேன்.

பயணத்தில் கிடைத்தது என்ன? மெலனி வாலண்டார்ஃப், ஜான் ஷெரி ஆகியோருடன் சேர்ந்து 1989இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒரு துணிச்சலான வாதத்தை வைத்தது. மதம் புனிதம், சாமானியம் என்று உலகைப் பிரிப்பதுபோல, மதத்துக்கு வெளியேயும் மனிதர்கள் தங்கள் பொருள்களை அப்படிப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். கடையில் ஆயிரத்தில் ஒன்றாகக் கிடந்த பண்டம் சில வழிகளில் புனிதமாகிறது. பரிசாக வந்தால், பரம்பரையாகக் கைமாறினால், ஒரு சேகரிப்பில் இடம் பிடித்தால், யாத்திரை போன இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டால். புனிதமாகிவிட்ட பொருளுக்கு விலை சொல்ல உரியவர் தயங்குகிறார். விற்கத்தான் வேண்டுமென்றால் அதைப் பேணிக் காப்பார் என்று நம்பக்கூடியவரைத் தேடுகிறார். பணத்தால் அளக்கப்படக் கூடாது என்பதே அதன் அந்தஸ்து. மார்க்கெட்டிங் துறையின் இதழில் அச்சான வாதம் இது என்பதை நினைவில் வையுங்கள்.

விரிந்த ‘நான்’

அந்த வேன் பயணத்துக்கும் 1989 கட்டுரைக்கும் இடையில், 1988 செப்டம்பரில், பெல்க்கின் பெயரை நிலைநிறுத்திய கட்டுரை வந்தது. உடைமைகளும் விரிந்த சுயமும் என்பது அதன் தலைப்பு. நுகர்வோர் ஆய்வில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அடிப்படை எண்ணம் அவருடையது அல்ல. அதை அவரே சொல்லிவிடுகிறார். அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதிய உளவியல் நூலில், ஒருவர் ‘என்னுடையது’ என்று சொல்லக்கூடிய அனைத்தின் கூட்டுத்தொகையே அவருடைய சுயம் என்றார். உடல், உடை, வீடு, மனைவி மக்கள், முன்னோர், பெயர், நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். இவை செழித்தால் மனிதர் பூரிக்கிறார், தேய்ந்தால் ஒடுங்கிப்போகிறார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து பெல்க் செய்தது, இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு மானிடவியல், உளவியல், தத்துவம், சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வுகள், வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் வாக்குமூலங்கள் என்று பல திசைகளிலிருந்தும் சான்று திரட்டியது.

அவற்றில் என்னை மிகவும் பாதித்தது திருட்டு பற்றியது. வீட்டில் திருடு போனவர்களிடம் பேசினால் எவ்வளவு போயிற்று என்ற கணக்கோடு அவர்கள் நிறுத்துவதில்லை. யாரோ தங்கள் அந்தரங்கத்துக்குள் கைவிட்டுத் துழாவிவிட்டதுபோல ஒரு கூச்சமும் அருவருப்பும் அவர்களுக்கு ஏற்படுகிறது. காப்பீட்டுப் பணம் வந்து அதே பொருளை வாங்கி வைத்தாலும் அது ஆறுவதில்லை. பொருள் வெறும் பயன்பாட்டுச் சாதனம் என்றால் இந்த வலிக்கு இடமே இருக்கக் கூடாது. இதன் மறுபக்கம் சிறைச்சாலை, ராணுவ முகாம், மனநோய் விடுதி. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் விவரித்தபடி, இத்தகைய இடங்களில் உள்ளே வருகிறவரிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது அவருடைய சொந்தச் சாமான்கள். உடை, சீப்பு, மோதிரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரியானதைக் கொடுப்பார்கள். ஒரு மனிதரின் தனித்தன்மையை அழிக்க வேண்டுமென்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு பொருள் எப்படி ‘நான்’ ஆகிறது? இதற்கு பெல்க் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரிடமிருந்து மூன்று வழிகளை எடுத்துக்கொண்டார். அதை ஆள்வது ஒன்று: சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட சிறுவனுக்கு அந்த சைக்கிள் தன் காலின் தொடர்ச்சி. உருவாக்குவது இரண்டாவது: தானே தைத்த சட்டை, தானே எழுதிய வரி. அறிவது மூன்றாவது: ஒரு காட்டையோ ஒரு தெருவையோ அங்குலம் அங்குலமாகத் தெரிந்துவைத்திருப்பவர் பத்திரம் இல்லாமலேயே அதற்கு உரிமையாளர். இவற்றோடு பெல்க் நான்காவதாகத் தொற்று என்பதைச் சேர்த்தார். மற்றவர் தொட்டது, அணிந்தது, புழங்கியது எதுவோ அதில் அவர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நாம் உணர்கிறோம். பிடித்தவர் என்றால் அது பாக்கியம், பிடிக்காதவர் என்றால் அருவருப்பு.

இந்த நான்காவதைத்தான் நான் பெல்க்கின் சொந்தக் கொடையாகக் கருதுகிறேன். முதல் மூன்றும் மனிதருக்கும் பொருளுக்கும் இடையில் நடப்பவை. நான்காவதில்தான் இன்னொரு மனிதர் உள்ளே வருகிறார். 1996இல் நியூயார்க்கின் சதபீஸ் ஏல நிறுவனத்தில், அமெரிக்க அதிபரின் மனைவியாயிருந்த ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரப் போலி முத்துமாலை ஒன்று ஏலத்துக்கு வந்தது. சில நூறு டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2,11,500 டாலருக்குப் போயிற்று. முத்து போலிதான், கழுத்து நிஜம். பின்னாளில் ஜார்ஜ் நியூமன், கில் டீசென்ட்ரக், பால் ப்ளூம் என்ற உளவியலாளர்கள் இதையே சோதனையாக்கினார்கள். விரும்பப்படும் பிரபலம் ஒருவர் போட்டிருந்த ஸ்வெட்டர் என்றால் மக்கள் ஆர்வமாகிறார்கள். அதை முழுக்கக் கிருமிநீக்கம் செய்து சுத்தப்படுத்தித் தருவோம் என்றால் அந்த ஆர்வம் குறைகிறது. சலவையில் போய்விடக்கூடிய ஏதோ ஒன்றுக்குத்தான் விலை.

இதெல்லாம் மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிட முடியுமா? 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட பரிசோதனையில், சற்றுமுன் இலவசமாகக் கையில் கொடுக்கப்பட்ட ஒரு காபிக் கோப்பையை விற்கச் சொன்னால், அதை வாங்க மற்றவர்கள் தரத் தயாரான விலையைப்போல ஏறத்தாழ இருமடங்கு கேட்டார்கள். சில நிமிட உடைமைக்கே இந்த மதிப்பு. யேல் பல்கலைக்கழகத்தில் கியுங்மி கிம், மார்சியா ஜான்சன் இருவரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். திரையில் வரும் பொருள்களில் சில ‘என்னுடையவை’, சில இன்னொருவருடையவை என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். தன்னைப் பற்றி யோசிக்கும்போது சுறுசுறுப்பாகும் முன்மூளையின் நடுப்பகுதி, ‘என்னுடையது’ என்று ஒதுக்கிய பொருள்களுக்கும் கூடுதலாகச் சுறுசுறுப்பானது. ஜேம்ஸ் நூறாண்டுகளுக்கு முன் ஊகித்தது இப்போது ஸ்கேனரில் தெரிகிறது.

எதிர்ப்பும் வந்தது. ஜோயல் கோஹன் என்ற ஆய்வாளர் மறு ஆண்டே அதே இதழில், இந்தச் சுயம் அளவுக்கு மீறி நீட்டப்பட்டுவிட்டது என்று எழுதினார். ஒருவருக்கு முக்கியமான எல்லாமே அவருடைய சுயத்தின் பகுதி என்றால், எது பகுதி இல்லை? எல்லை இல்லாத கருத்தை எப்படிப் பொய்ப்பித்துக் காட்டுவது? நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பொய்ப்பிக்கத்தக்க கருதுகோளாக்கி அளப்பது ஒன்றே அறிவியல் அல்ல, வாழ்க்கையைப் புரிந்து விளக்குவதும் ஆய்வுதான் என்ற திசையில் பெல்க்கின் பதில் அமைந்தது. கோஹனின் குறை இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை என்பது என் கருத்து. ஆனால் துல்லியமான எல்லை கிடைக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்றிருந்தால், திருடு போன வீட்டின் வலியை மார்க்கெட்டிங் துறை கடைசிவரை கவனித்திருக்காது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பொருளோடு மனிதருக்குள்ள பாசத்தை விளக்கும் அறிவு விற்பவர்களுக்கும் பயன்படும். பிராண்டுகளோடு மக்கள் நட்பு, காதல், விசுவாசம் போன்ற உறவு கொள்கிறார்கள் என்று சூசன் ஃபோர்னியர் 1998இல் மூன்று பெண்களை ஆழமாக ஆராய்ந்து காட்டினார். அதற்குப் பின் ‘வாடிக்கையாளரோடு உறவு’ என்பது விளம்பர உலகின் தாரக மந்திரமானது. நம் பாசம் எங்கே ஒட்டும் என்பதை விற்பவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாமும் தெரிந்து வைத்திருப்பதே முறை.

மூட்டை கட்டும்போது

பொருள்மீது பற்று என்றாலே பேராசைதானா? பெல்க் இதையும் அளந்து பார்த்தவர். பொருளாசை என்பதை உடைமைப்பற்று, கொடுக்க மனமின்மை, பொறாமை என்று மூன்று குணங்களாகப் பிரித்து 1985இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார். அந்த அளவுகோலில் உயர்ந்து நின்றவர்களிடம் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. பொருளாசைக்கும் மனநலத்துக்கும் உள்ள இந்த எதிர்த் தொடர்பு பின்னர் வந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் மிதமாக, ஆனால் தொடர்ந்து தென்பட்டது. துருக்கிய ஆய்வாளர் குலிஸ் கெர் என்பவருடன் சேர்ந்து பெல்க் 12 நாடுகளில் செய்த ஒப்பீடு 1996இல் வந்தது. பொருளாசையில் முன்னால் நின்றது அமெரிக்கா அல்ல, கம்யூனிச ஆட்சியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ருமேனியா. வளம் மிகுந்தால் ஆசை மிகும் என்ற எளிய சமன்பாடு அதில் அடிபட்டது.

இந்த மூன்று குணங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பற்று மட்டுமே தன்னோடு முடிகிறது; கருமித்தனத்துக்கும் பொறாமைக்கும் எதிரே இன்னொருவர் வேண்டும். பொருளாசையைக்கூட அவர் உறவின் கோளாறாகத்தான் அளந்திருக்கிறார்.

ஊர் பெயர்ந்து போகும்போதுதான் எந்தச் சாமான் எதற்காக என்பது நிர்வாணமாகத் தெரியும். பெல்க் வேலை பார்த்த யூட்டா மாநிலமே இடம்பெயர்ந்தவர்கள் உருவாக்கியது. மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினர் 1847 முதல், 1869இல் ரயில் வரும்வரை, மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் சமவெளிகளையும் மலைகளையும் கடந்து அங்கே வந்தார்கள். மாட்டு வண்டிக்கு வசதியில்லாதவர்கள் 1856 முதல் கையால் இழுக்கும் வண்டிகளில் சாமான்களை ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட சொந்தச் சாமானின் எடை 17 பவுண்டு, அதாவது 8 கிலோவுக்கும் குறைவு. போர்வை, மாற்றுத் துணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்தப் பெயர்ச்சிக் காலத்தின் நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்து, பொருள்கள் அவர்களுக்கு என்னவாக இருந்தன என்று பெல்க் 1992இல் எழுதினார். கேள்வித்தாளை மட்டுமே நம்பிய துறையில், இறந்துபோனவர்களின் டைரியும் தரவுதான் என்று அந்தக் கட்டுரை நிலைநாட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1991இல், ராஜ் மேத்தாவும் பெல்க்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பம்பாயில் வாழும் இந்தியர்களிடமும் அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களிடமும் அவர்களுக்கு மிகப் பிடித்த உடைமைகள் எவை என்று கேட்டு ஒப்பிட்டார்கள். குடியேறியவர்களின் வீட்டில் இந்தியாவையும் விட்டு வந்த குடும்பத்தையும் நினைவூட்டும் பொருள்கள் தனிக் கனம் பெற்றிருந்தன. ஊரிலேயே இருப்பவருக்கு ஊர் வாசலிலேயே இருக்கிறது. அதைப் பெட்டியில் எடுத்து வைக்கத் தேவையில்லை. தூரம் போனவருக்கு, தான் யார் என்று தனக்கே சொல்லிக்கொள்ள ஒரு பொருள் தேவைப்படுகிறது. நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ டொரோன்டோவிலோ இருக்கும் தமிழ் வாசகர் இதைத் தம் வீட்டு அலமாரியைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பரிசின் கணக்கு

1993இல் பரிசுகளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தத் துறையின் உள்சண்டை முழுதும் விளங்கும்.

ஒன்று, பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் எழுதியது. கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளுக்குத் தாங்களே எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று யேல் மாணவர்களிடம் கேட்டார். பாசத்தின் மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். கொடுத்தவர் செலவழித்ததைவிட, பெற்றவர் மதிப்பிட்டது குறைவாக இருந்தது. பரிசின் விலையில் பத்திலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்பது அவர் கணக்கு. அப்படியானால் ரொக்கமாகக் கொடுத்துவிடுவதே மேல்.

மற்றொன்று, பெல்க்கும் கிரெகரி கூனும் எழுதியது. காதலிக்கும் கல்லூரி மாணவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட பரிசுகளைப் பற்றி அவர்களையே பேசவிட்டுக் கேட்டார்கள். பரிசு என்பது எப்போதுமே ஒரு வகைக் கொடுக்கல் வாங்கல்தான் என்பது அதுவரை துறையின் நம்பிக்கை. கொடுத்தால் திரும்ப வர வேண்டும். பொருளாக வராவிட்டால் நன்றியாகவோ மரியாதையாகவோ வர வேண்டும். மாணவர்களின் பேச்சில் இந்தக் கணக்கும் இருந்தது, மறுப்பதற்கில்லை. யார் அதிகம் செலவழித்தார்கள் என்ற மனக்கணக்கு, இவ்வளவு வாங்கிக்கொண்டோமே என்ற சங்கடம் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் இருந்தது. சிலர் பிரதிபலனே எதிர்பாராமல், எதிரே இருப்பவர் மகிழ வேண்டும் என்பதற்காக மட்டுமே கொடுத்தார்கள். கிரேக்கக் கிறித்தவ மரபில் அகாபே என்று சொல்லப்படும் தன்னலமற்ற அன்பின் பெயரால் பெல்க் இதைக் குறித்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, குறையே இல்லாத பரிசு எப்படி இருக்கும் என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் பிடித்துக்கொண்ட முன்மாதிரி, ஓ. ஹென்றி 1905இல் எழுதிய, உலகமே அறிந்த கதை. மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள்; கணவன் அந்தக் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். வால்ட்ஃபோகலின் முறைப்படி பார்த்தால் இந்தப் பரிசுகளின் மதிப்பு பூஜ்யம், ஒன்றுக்கும் உதவாது. பெல்க்கின் கண்ணுக்கு இவைதான் உச்சம். கொடுத்தவர் பெரிய தியாகம் செய்திருக்கிறார், பெறுபவரை மகிழ்விப்பது மட்டுமே அவர் நோக்கம், அத்தியாவசியம் அல்லாத ஆடம்பரப் பொருள், அவருக்கென்றே பொருந்தியது, அவர் எதிர்பாராதது, அவர் ஆசைப்பட்டது.

எனக்கு இதில் பெல்க் பக்கம்தான். வால்ட்ஃபோகலின் கணக்கு தப்பில்லை. ஆனால் பாசத்தைக் கழித்துவிட்டுப் பரிசை எடைபோடச் சொன்ன அந்தக் கட்டளையிலேயே பரிசு காணாமல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பண்டம்.

பகிர்வு எது, வாடகை எது

பெல்க்கின் சிந்தனையில் மிகப் பெரிய திருப்பம் 2010இல் வந்தது. பகிர்தல் என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட கட்டுரை. பொருளாதாரம் சந்தைப் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசியது, மானிடவியல் பரிசைப் பற்றிப் பேசியது. இரண்டுக்கும் முந்தைய, இரண்டையும்விட அதிகமாக அன்றாடம் நடக்கிற ஒன்றை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை என்றார். சந்தைக்கு முன்மாதிரி, கடையில் காசு கொடுத்து ரொட்டி வாங்குவது. பரிசுக்கு முன்மாதிரி, அந்த ஓ. ஹென்றி தம்பதி. பகிர்தலுக்கு முன்மாதிரி, தாய்மை. கருவில் தன் உடலையே பகிர்கிறாள், பிறகு பாலைப் பகிர்கிறாள், பிறகு நேரத்தை. அதற்கு அடுத்தது ஒரு குடும்பம் தன் வருமானத்தையும் வீட்டையும் சாப்பாட்டையும் பொதுவில் வைத்துப் புழங்குவது. பிள்ளை குளிர்பெட்டியைத் திறந்து எடுத்துச் சாப்பிட்டால் யாரும் நன்றி எதிர்பார்ப்பதில்லை. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைப்பதில்லை. அது பரிசும் அல்ல, கடனும் அல்ல. நம்முடையது, அவ்வளவுதான்.

உள்ளே சேர்த்துக்கொள்ளும் பகிர்வு, வெளியே கொடுக்கும் பகிர்வு என்று இதிலும் இரண்டு வகை பார்த்தார். முதலாவதில் எதிரே இருப்பவர் ‘நாம்’ என்ற வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இரண்டாவதில் நாம் கொடுக்கிறோம், ஆனால் வட்டம் மாறுவதில்லை.

1988இன் கட்டுரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நடுவில் நிற்பது ‘நான்’. குடும்பம், குழு, ஊர் எல்லாம் அதைச் சுற்றி விரியும் வளையங்கள். இங்கே தொடக்கமே ‘நாம்’. பிறக்கும்போதே பகிர்வுக்குள் பிறக்கிறோம். ‘என்னுடையது’ என்ற சொல்லைப் பிறகுதான் கற்றுக்கொள்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் தன் சொந்தக் கோட்பாட்டையே தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார் என்பேன். தன்னைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன கருத்தின் மையத்தை ஓர் அறிஞர் இப்படித் தாமே நகர்த்துவது அபூர்வம்.

அந்தக் கட்டுரை வந்த நேரமும் கவனிக்கத்தக்கது. காரை, வீட்டை, அறையை இணையம் வழியே ‘பகிர்ந்துகொள்ளும்’ நிறுவனங்கள் அப்போதுதான் தலையெடுத்திருந்தன. பகிர்வுப் பொருளாதாரம் என்ற பெயர் நான்கு திசையிலும் முழங்கத் தொடங்கியது. பெல்க் 2014இல் இவற்றில் பலவற்றைப் போலிப் பகிர்வு என்று வகைப்படுத்தினார். மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வாடகை. அது நல்ல சேவையாக இருக்கலாம், கார்களின் எண்ணிக்கையைக்கூடக் குறைக்கலாம். ஆனால் அதனால் ‘நாம்’ என்ற உணர்வு உண்டாவதில்லை. இதற்கு வலுவான சான்று ஃப்ளூரா பார்டி, ஜியானா எக்கார்ட் இருவரும் பாஸ்டனில் ஜிப்கார் வாடகைக் கார்ச் சேவையைப் பயன்படுத்துவோரிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. தாங்கள் ஓட்டும் காரைத் தங்களுடையதாக அவர்கள் உணரவில்லை. அதே காரை ஓட்டும் மற்றவர்களோடு பழகவும் விரும்பவில்லை. நிறுவனம் விதியைப் போட்டு, கண்காணித்து, மீறினால் அபராதம் வசூலித்து ஒழுங்கு காக்க வேண்டும் என்றே எதிர்பார்த்தார்கள். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அபராத விதி எதற்கு?

2013இல் அவர் தன் பழைய கோட்பாட்டை இணைய யுகத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதினார். பாட்டுத் தட்டும் புகைப்பட ஆல்பமும் உருவமற்ற கோப்புகளாகிவிட்டன, நினைவு கருவிகளுக்குப் பரவிவிட்டது, நான் யார் என்பதை என் படத்தின் கீழ் நண்பர்கள் எழுதும் கருத்தும் சேர்ந்தே வரைகிறது என்றெல்லாம் அதில் வரும். பயனுள்ள கட்டுரைதான், ஆனால் அதில் சொன்ன செயலிகள் மாறும் வேகத்தில் விவரங்கள் பழசாகிவிடுகின்றன. 2010இன் தாய்மை முன்மாதிரி அப்படிப் பழசாகாது.

கடைசியாக ஒன்று. பெல்க் திறந்துவிட்ட வழியில் நடந்தவர்களில் லிண்டா பிரைஸ், எரிக் ஆர்னூல்ட், கரோலின் குராசி என்ற மூவர் அமெரிக்க முதியவர்களிடம் பேசினார்கள். வாழ்நாள் முழுதும் வைத்திருந்த அருமையான பொருள்களை யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டார்கள். 2000இலும் 2004இலும் வந்த அந்த ஆய்வுகளில் முதியவர்களின் கவலை பொருளின் விலையைப் பற்றியதாக இல்லை. பெற்றுக்கொள்பவருக்கு அதன் அருமை தெரியுமா, அதோடு சேர்ந்த கதையை அவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்வார்களா என்பதே கவலை. பொருளோடு கதையும் கைமாறிய வீடுகளில் அது குடும்பத்தின் விற்கக்கூடாத சொத்தாக நின்றது. கதை அறுந்துபோனால் அது பழைய சாமான் சந்தைக்குப் போகும். 1986இல் பேராசிரியர்கள் வேனை நிறுத்தி இறங்கிய அதே மாதிரிச் சந்தைக்கு.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் தூக்கிப் போட மறுக்கும் பொருள் எதுவோ அதை எடுத்து அவர்கள் முன்னால் வைத்து, இது எப்படி வந்தது என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள், அல்லது செல்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, இந்த வாரமே செய்யுங்கள்.